ஜெபக்கனி தொடாத முந்திரிக்கொத்து

ஜனவரி 5

புது வருஷத்து நோட்டு. முதல் நான்கு நாள் ஏற்கெனவே போய்விட்டது. இனிமேல் தினமும் எழுதுவேன் என்று சத்தியம் எதுவும் செய்யப் போவதில்லை. என் சத்தியத்தின் லட்சணம் எனக்குத் தெரியும்.

நான்காம் வருஷம் சட்டம். இந்தப் பருவத்தில் தொழில் நெறிமுறை என்று ஒரு பாடம். வக்கீல் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று புத்தகம் முழுக்க விதிகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. பாதிப் பேர் தூங்குகிறோம், மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் படம் எடுக்கிறார்கள். நான் சட்டம் படிக்க வந்ததே எழுந்து நின்று பேசத்தான். வாயை மூடிக்கொள்வது எப்படி என்று பாடம் நடத்தினால் எனக்கு எங்கே ஏறும்?

அறைத் தோழி ஜெபக்கனிக்கு இந்தப் பாடம் தேவையே இல்லை. நாசரேத்துக்காரி. பிறக்கும்போதே வாயில் பூட்டோடு வந்திருப்பாள். வண்ணாரப்பேட்டையில் மங்கையர்க்கரசி மேடம் ஆபீசில் ஆறு மாதமாகப் பயிற்சிக்குப் போகிறாள். குடும்ப வழக்குகள் நிறைய வரும் ஆபீஸ். சாயங்காலம் திரும்பி வந்ததும் நான் கேட்பேன், அவள் சொல்ல மாட்டாள். இது எங்கள் மாலை வழிபாடு.

"இன்னைக்கு யாருட்டி வந்தா?"

"சொல்ல முடியாது."

"பேரு வேண்டாம். என்ன கேஸு, அதையாவது சொல்லு."

"அதுவும் முடியாது."

"பின்ன எதுக்குட்டி உன்கூட ஒரே ரூம்ல இருக்கேன்?"

"ஃபேனுக்குக் கீழ உள்ள கட்டிலு உனக்குப் பிடிக்கும்லா, அதுக்கு."

ஜனவரி 7

அம்மா டவுனுக்கு வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. விடுதி வாட்ச்மேன் தாத்தாவிடம் ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டு, "அவளுக்கு கிளாஸ் இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். நான் அந்த நேரம் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் இவ்வளவு தூரம் வந்து மகளைப் பார்க்காமல் போகிற அம்மாவை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

போன் செய்தேன். "ஒரு வேலையா வந்தேன், நேரமாயிட்டு" என்றாள். என்ன வேலை என்று கேட்டால், சத்துணவு முட்டைக் கணக்கு என்றாள். அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முட்டைக் கணக்குக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்பதற்குள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

அதைவிட அதிசயம் ஜெபக்கனி. அம்மா செய்யும் முந்திரிக்கொத்துக்காக, அந்தப் பாசிப்பயறு இனிப்பு உருண்டைக்காக, தன் சொந்த வீட்டையே எழுதிக் கொடுப்பாள். இன்று டப்பாவைத் திறந்து நீட்டினேன். பார்த்தாள். "நாளைக்குத் திங்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

ஜனவரி 8

இன்றும் தின்னவில்லை. சரி, எனக்கு லாபம்.

ஜனவரி 13

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாயிற்று, தனியாக. மூன்று வருஷமாக ஜெபக்கனி என்னோடு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் நாசரேத் போவாள். இந்த முறை வர முடியாது என்றாள். ஏன் என்று கேட்டேன். "வேலை இருக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. "வர முடியாது ப்ரியா. கேக்காத." அவ்வளவுதான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரும்பை வெட்டுவதை நிறுத்திவிட்டு, "நல்ல பிள்ளை அவ" என்றாள். வராமல் போனதற்கு நல்ல பிள்ளைப் பட்டம்.

ஜனவரி 16

இந்த வீட்டில் என்னமோ மாறியிருக்கிறது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் அப்பா இருந்த காலத்திலிருந்தே ஆடும். இப்போது ஆடவில்லை. யார் சரி செய்தார்கள் என்றால், "ஆளு வச்சுச் செஞ்சேன்" என்கிறாள். அம்மா கோலம் போடும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். அப்பா போய் எட்டு வருஷத்தில் இவள் பாடி நான் கேட்டதில்லை. எனக்கும் சேர்ந்து பாட வேண்டும் போலிருந்தது.

அப்புறம் அடுக்களை அலமாரியில், காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால், சர்க்கரை நோய்க்காரர்கள் காபியில் போட்டுக்கொள்ளும் மாத்திரை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து என்னிடம் மறைக்கிறாள் என்று ஒரு மூச்சு அழுதேன். இப்போதே ரத்தம் எடுக்கப் போகிறோம் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"ஏட்டி, எனக்கில்லட்டி" என்றாள் அம்மா.

"பின்ன யாருக்கு?"

"வாரவங்க போறவங்களுக்கு."

எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள் போகிறார்கள்? இருந்தாலும் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். உனக்கு ஒன்று என்றால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல், ஆட்டோக்காரரோடு சண்டை போட்டேன்.

ஜனவரி 24

அப்பாவின் தங்கை, வடக்குத் தெரு அத்தை, போன் செய்தாள். அத்தை நலம் விசாரிக்க போன் செய்கிற ஆள் இல்லை.

"ஏட்டி, உங்க வீட்டு வாசல்ல சாயங்காலமானா ஒரு பைக்கு நிக்கி. அந்த பி.டி. வாத்தியான் தேவசகாயம் இருக்கான்லா, அவன் பைக்கு. ஊரு ஒரு மாதிரி பேசுது. புருசன் இல்லாதவன்னு தொந்தரவு பண்ணுதானோ என்னமோ. உங்க அம்மா வாயத் தொறக்க மாட்டா. நீ லா படிக்கிறவதான? ஒரு நோட்டீஸ விடு."

தேவசகாயம் சார் எனக்கே பி.டி. எடுத்தவர். பிரேயருக்குத் தாமதமானால் விசில் ஊதி மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். பிறந்த நாளுக்கு மிட்டாய் நீட்டினால், "எனக்கு சுகர், நீயே சாப்பிடு" என்று தலையில் தட்டுவார். நல்ல மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன். மனைவி இறந்து அஞ்சாறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அந்த மனுஷனா என் அம்மாவை?

ரத்தம் கொதிக்கிறது. அம்மாவிடம் கேட்டால் மறைப்பாள். மறைக்கட்டும். சட்டம் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

ஜனவரி 26

விடுமுறை. காலை முழுக்க உட்கார்ந்து நோட்டீஸ் எழுதி முடித்தேன். "எனது கட்சிக்காரர் திருமதி சண்முகத்தாய் அவர்களின் அறிவுறுத்தலின் பேரில்" என்று ஆரம்பித்து இரண்டரைப் பக்கம். "தாங்கள் தீய உள்நோக்கத்துடன்" என்று நான்கு இடத்தில் வருகிறது. படிக்கப் படிக்க எனக்கே பயமாக இருந்தது. போன வருஷம் படிப்பு முடித்து வக்கீலாகப் பதிவு செய்த சீனியர் அண்ணன் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிழை பார்க்க ஜெபக்கனியிடம் நீட்டினேன். இந்த விடுதியில் எந்தத் தாளும் அவள் கைக்குப் போகாமல் வெளியே போகாது. மெஸ் சாம்பாரைப் பற்றி வார்டனுக்கு எழுதிய மனுவையே மூன்று தடவை திருத்தினாள். முதல் வரியைப் படித்தாள். முகம் வெளுத்தது. தாளை மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"இத நான் பாக்கக் கூடாது ப்ரியா."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

"ஏட்டி, இது உன் ஆபீஸ் கேஸு இல்ல. எங்க அம்மா. உனக்கு சோறு போட்ட எங்க அம்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "பாக்கவும் மாட்டேன், திருத்தவும் மாட்டேன். அனுப்பு, அனுப்பாதன்னும் சொல்ல மாட்டேன்."

நான் என்னென்னவோ கத்தினேன். கல்நெஞ்சக்காரி என்றேன். முந்திரிக்கொத்து டப்பாவைப் பூட்டி வைத்தேன். அதில் மூன்றுதான் மிச்சம், அதுவும் கல்லாகிவிட்டது. ஆனாலும் பூட்டினேன்.

ஜனவரி 29

பேசவில்லை.

ஜனவரி 31

பேசவில்லை. காலையில் எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வைத்திருந்தாள். குளித்தேன். ஆனால் பேசவில்லை.

சீனியர் அண்ணன் தென்காசிக்குப் போயிருக்கிறார். நான்காம் தேதி சாயங்காலம் வருவார். வந்ததும் கையெழுத்து, உடனே பதிவுத் தபால்.

பிப்ரவரி 3

நாளை தொழில் நெறிமுறை உள்தேர்வு. புத்தகத்தை இன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒரு விதி: வக்கீல் தன் கட்சிக்காரரும் அவர் அதிகாரம் கொடுத்தவரும் சொல்வதைத் தவிர வேறு யார் சொல்வதைக் கேட்டும் நடக்கக் கூடாது. படித்தேன். அடிக்கோடு போட்டேன். போட்ட பிறகு பேனா நின்றுவிட்டது. "எனது கட்சிக்காரர் திருமதி சண்முகத்தாய் அவர்களின் அறிவுறுத்தலின் பேரில்." அம்மா என்னிடம் எதை அறிவுறுத்தினாள்? எண்ணெய் தேய்த்துக் குளி என்று அறிவுறுத்தினாள். அந்த நோட்டீஸில் இருந்தது அத்தையின் குரல், என் எழுத்து. அம்மா எங்குமே இல்லை.

அடுத்த பக்கம்: ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல், அதே விஷயத்தில் எதிர்த் தரப்புக்காக வேலை செய்யக் கூடாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லவும் கூடாது. ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். விஷயம் முடிந்த பிறகும் பொருந்தும்.

நான்கு தடவை படித்தேன்.

இத நான் பாக்கக் கூடாது ப்ரியா.

போன மாதம் ஏழாம் தேதி அம்மா டவுனுக்கு வந்தாள், என்னைப் பார்க்காமல் போனாள். அன்று ஜெபக்கனி முந்திரிக்கொத்தைத் தொடவில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வர மறுத்தாள், வந்தால் அம்மாவும் நானும் அவளும் ஒரே பாயில் உட்கார வேண்டும். கொல்லைக் கதவு. பாட்டு. காபியில் போடும் மாத்திரை. எனக்கு சுகர், நீயே சாப்பிடு.

தொந்தரவு செய்ய வருகிறவருக்கு யாரும் மாத்திரை வாங்கி வைக்க மாட்டார்கள்.

என் மரமண்டைக்கு இது இத்தனை நாள் உறைக்கவில்லை. அம்மா கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள். வேறு வேறு மதம் என்பதால் பதிவுத் திருமணம்தான், அதற்குத்தான் வக்கீலைப் பார்க்க வந்திருக்கிறாள். ஊரில் கேட்டால் தெரிந்துவிடும் என்று இங்கே வந்து, அந்த ஆபீசில் என் அறைத் தோழி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

நோட்டீஸைக் கிழித்தேன். ஜெபக்கனி எதிர்க் கட்டிலில் படித்துக்கொண்டிருந்தாள். கிழிக்கும் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. அவள் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

பிப்ரவரி 4

தேர்வு எழுதினேன். கட்சிக்காரரின் ரகசியம் காக்கும் கடமை பற்றிக் கேள்வி. கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் எனக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பார்த்தாள்.

தாளில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு வலிக்கிறது. என்னிடம் சொல்லாததை அம்மா ஒரு அன்னியரிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா போட்டோவுக்கு இன்னும் நான்தான் பூ வாங்கி வைக்கிறேன். அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் பயந்திருக்கிறாள். ஆனால் மகளிடம் சொல்ல முடியாததைச் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்ததே. அங்கே சொன்னது அங்கேயே இருந்ததே. ஒரு இருபத்தொரு வயசுக்காரி, நான் கத்தியும், பேசாமல் இருந்தும், டப்பாவைப் பூட்டியும் அதை வெளியே விடவில்லையே.

வக்கீல் என்றால் வாய் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார வேண்டும். யாரோ ஒருத்தியின் அம்மா வந்து சொல்வாள், நான் கேட்டுக்கொள்வேன், அது என்னோடு இருக்கும். இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 5

ஜெபக்கனியிடம், "எனக்குத் தெரிஞ்சு போச்சுட்டி" என்று சொல்ல நாக்கு அரிக்கிறது. சொல்லக் கூடாது. சொன்னால் ஆமாம் என்று அவள் முகம் சொல்லிவிடும். ஒரு மாதம் காத்த முகம், அதை நான் பிடுங்கக் கூடாது. அம்மாவிடமும் கேட்கக் கூடாது. கேட்டால் ஜெபக்கனி சொல்லிவிட்டாள் என்றுதான் நினைப்பாள்.

அதனால் டீ போட்டு அவள் முன்னால் வைத்தேன். "கல்நெஞ்சக்காரி டீ குடிப்பாளா?" என்றேன்.

"சீனி போட்டிருந்தா குடிப்பா" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் காரணமே சொல்லாமல் கொஞ்ச நேரம் அழுதோம்.

பிப்ரவரி 8

அத்தை: "நோட்டீஸ் விட்டியா?"

"எங்க அம்மா என்ட்ட எதுவும் சொல்லல அத்தை. அவ சொல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"பெத்த மகளே இப்படிச் சொன்னா எப்படி?"

"பெத்த மகதான், அவ சொன்னாத்தான் வக்கீலு."

அத்தை இனி ஒரு மாதம் பேச மாட்டாள். அதுவும் லாபம்தான்.

வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது இவ்வளவு உடம்பு நோவும் வேலை என்று எனக்குத் தெரியாது. மெஸ் அக்கா, "என்ன, ஒரு வாரமா வாய் ஓஞ்சு கிடக்கு" என்று கேட்கிறாள்.

பிப்ரவரி 12

அம்மா வந்தாள். இந்த முறை என்னைப் பார்க்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு ரோஸ்மில்க் சொன்னாள். சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, தண்ணி வருதா, கொசு இருக்கா என்று கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எனக்குத் தெரியும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் கஷ்டம் அப்போதே தீர்ந்துவிடும். ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய வார்த்தை. உதட்டைக் கடித்துக்கொண்டு ரோஸ்மில்க்கைக் குடித்தேன்.

"உன்ட்ட ஒண்ணு சொல்லணும். நீ கோவப்படுவ."

"சொல்லும்மா."

சொன்னாள். தேவசகாயம் சார் இரண்டு வருஷமாக மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து, பிள்ளைகள் தின்று முடித்த பிறகு பாத்திரம் அடுக்க உதவுவாராம். முதலில் ஒரு சொல், அப்புறம் ஒரு காபி. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாராம். சொல்லும்போது தலையே நிமிரவில்லை, என் அம்மா, பள்ளிக்கூடமே நடுங்கும் சண்முகத்தாய்.

"ஒரு வக்கீலம்மாவப் போய்ப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், மக சம்மதம் வேணுமான்னு. சட்டத்துல அப்படில்லாம் இல்லன்னாங்க. எனக்கு வேணுமேன்னேன்."

ரோஸ்மில்க் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அங்க கனி இருந்தா" என்றாள். "அவ உன்ட்ட சொல்லிருப்பா, நீயே போன் பண்ணுவன்னு தினமும் பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லலம்மா. நீ குடுத்த முந்திரிக்கொத்தக்கூட திங்கல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

அம்மா என்னையே பார்த்தாள். "கண்டுபிடிச்சா கேக்காம இருந்த? நீயா?"

எனக்குச் சம்மதமா என்று அவள் கேட்கவில்லை. நானும் உடனே சொல்லிவிடவில்லை. பொய்யாகச் சொல்ல விருப்பமில்லை. அப்பா நினைப்பாக இருக்கும்மா என்றேன். எனக்கும்தான் என்றாள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் அழுதோம். அவளைக் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னலைத் தட்டிச் சொன்னேன்: "அந்த சார்ட்ட சொல்லு, இனிமே என்னைய ஓடவிடக் கூடாதுன்னு."

சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

பிப்ரவரி 20

திருமணப் பதிவாளர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்வதற்காக அங்கே பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைப்பார்கள். போய்ப் பார்த்தேன். அம்மா போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறாள். எனக்கு இருக்கும் ஒரே ஆட்சேபணை அதுதான்.

மார்ச் 27

கல்யாணம் முடிந்தது. மாலை, கையெழுத்து, சாருக்கு மாத்திரை போட்ட காபி. சார் வெள்ளைச் சட்டைப் பைக்குள் விசிலை வைத்திருந்தார். பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னார்.

மூன்று சாட்சிகளில் நான் ஒருத்தி. சாட்சியின் பெயர்: இசக்கி ப்ரியா. தகப்பனார் பெயர்: சுடலைமுத்து என்று முழுசாக, தெளிவாக எழுதினேன். சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்ல கையெழுத்தும்மா" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்பாவும் அந்த மேசையில் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மா முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தாள். ஜெபக்கனி ஆறு தின்றாள்.

மார்ச் 28

"அம்மா அன்னைக்கு அந்த ஆபீஸ்ல அழுதாளாட்டி?"

"சொல்ல முடியாது."

"ஏட்டி, கல்யாணமே முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சாலும்."

பாடத்தை நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கேட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 6

மங்கையர்க்கரசி மேடம் ஆபீசில் நானும் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இன்று முதல் நாள். ஒருவர் வந்தார். பேசினார். நான் எதிர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மதியம் தயிர்சாதம், மாவடு. சாயங்காலம் லேசாக மழை.

எட்டு மணிக்கு அம்மா போன் செய்தாள். பின்னால் சார் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்.

"முத நாள் எப்படிட்டி? யாரு வந்தா? நம்ம ஊரு ஆளா?"

"சொல்ல முடியாதும்மா."

டிவி சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது.

"சரி" என்றாள் அம்மா. "சாப்பிட்டியா?"